பறை என்னும் சொல்லின் வரலாறு

மக்களைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. உயர்வும் தாழ்வும் உண்டு. ஓரிடத்தில் மதிப்போடு வாழ்ந்த சொல் வேறோரிடத்தில் வசையாய் முடிவதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்று ஆங்கில அகராதியில் இடம்பெற்ற சொற்கள் யாவை என்று கேட்டால், கட்டுமரம் என்பர் சிலர். சுருட்டு என்பர் சிலர். மிளகுதண்ணீர் என்பாரும் உளர். இவற்றினும் தொலைவாகச் சென்ற சொல் ஒன்று உண்டு. அது ஓர் இசைக்கருவியின் பெயர். பறை என்பதே அது.

கட்டுமரம் தன் பொருளோடு சென்றது. சுருட்டும் தன் பொருளோடு சென்றது. பறை மட்டும் தன் பொருளைக் கரையிலே இழந்துவிட்டு, நாம் சுமத்திய இழிவை மட்டும் சுமந்துகொண்டு கப்பலேறிற்று. இது நேர்ந்தது எவ்வாறு? இதனை ஆராய்வது சொல்லாராய்ச்சி மாத்திரமன்று. நம் மானத்தைப் பற்றிய ஆராய்ச்சியுமாகும்.

அயலார் தம் கருவியைப் போற்றும் வகை

முதலில் நாம் வாழும் ஜொகூர் மாநிலத்தையே நோக்குவோம். மலாய்க்காரர் திருமண வீட்டில் ஜாப்பின் ஆடுங்கால் காம்பூஸ் என்னும் நரம்புக் கருவி ஒலிக்கக் கேட்கிறோம். இப்பெயர் மலாய் மண்ணிற் பிறந்ததன்று. ஏமன் நாட்டில் கன்பூஸ் என்று வழங்கும் கருவியின் பெயரே அராபியரோடு கடல் கடந்து வந்து காம்பூஸ் ஆயிற்று. ஜொகூர் கஸல் இசையில் காம்பூசின் பக்கத்திலே ஆர்மோனியமும் தபலாவும் அமர்ந்திருக்கின்றன. ஆர்மோனியம் ஐரோப்பாவிற் பிறந்து இந்தியாவில் வளர்ந்தது. தபலாவின் பெயர் தப்ல் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. இவற்றை வாசிப்பவரை எவரும் இழிந்தவர் என்பதில்லை. மாறாக, இவற்றைத் தம் மாநிலத்தின் செல்வம் என்று ஜொகூர் மக்கள் போற்றுகின்றனர்.

இனி, வடதுருவத்தை யடுத்த பின்லாந்து நாட்டைப் பார்ப்போம். அந்நாட்டார் மடிமீது வைத்து மீட்டும் நரம்புக் கருவிக்குக் காந்தெலே என்று பெயர். எஸ்தோனியர் அதனைக் கன்னெல் என்பர். லித்துவேனியர் கங்க்லேஸ் என்பர். லாட்வியர் கோக்லே என்பர். பின்னிய மொழியும் லித்துவேனிய மொழியும் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தவை. ஆதலின், பழங்காலத்திலே பால்டிக் மொழி பேசியோரிடமிருந்து பின்னியர் இச்சொல்லை இரவல் பெற்றனர் என்பது மொழிநூலார் பலர் கொள்கை. பாடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது என்பாரும் உளர். இரவற் சொல்லாயினும் அவர்கள் அதற்கு அளித்த சிறப்பு யாது? எலியாஸ் லோன்ரோத்து என்பவர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1835-இலும், விரித்து 1849-இலும் வெளியிட்ட கலேவலா என்னும் காவியத்தில், வைனாமோய்னன் என்னும் பாடற்புலவன் பெருமீனின் தாடை யெலும்பைக்கொண்டு காந்தெலே செய்து மீட்ட, உயிர்கள் யாவும் வந்து கேட்டனவாகக் கதை செல்கிறது. 1809 வரை சுவீடனுக்கும், 1917 வரை ருசியாவுக்கும் கீழ்ப்பட்டிருந்த சிறு நாடு அது. தன் கருவியின் பெயரை அது தன் நாட்டின் அடையாளமாக்கிக்கொண்டது.

இரவல் பெற்ற சொல்லை ஒரு நாடு முடியாகச் சூடிற்று. நாமோ நமக்கே உரிய சொல்லைக் காலிற் போட்டு மிதித்தோம்.

சொல்லின் வேர்

பறை என்பதற்குத் தோற்கருவி என்பது ஒரு பொருள். சொல் என்பது மற்றொரு பொருள். பறைதல் என்றால் சொல்லுதல். இது பழைய அகராதியில் மட்டும் கிடக்கும் பொருளன்று. தோட்டத்தில் மலையாளிகளோடு பழகிய எவரும் இதனை அறிவர். ‘சொல்’ என்று நாம் கூறுமிடத்தில் அவர்கள் ‘பறை’ என்பர். யாழ்ப்பாணத்தாரும் பேச்சு வழக்கில் பேசுதலைப் பறைதல் என்பது உண்டு. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் கருவிக்குரிய சொல்லையும் சொல்லுதற்குரிய சொல்லையும் ஓரிடத்திலேயே வைத்துக் காட்டுகிறது.

முழக்கத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இவ்வுறவு தமிழில் இச்சொல்லோடு நிற்பதன்று. அறைதல் என்பதற்கும் அடித்தல், சொல்லுதல் என இரு பொருள் உண்டு. அச்சுப்பொறியும் செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில் அரசன் ஆணையை ஊருக்கு அறிவித்தது எது? வெள்ளம் வருகிறதென்று எச்சரித்தது எது? மணமும் சாவும் போரும் விழாவும் எதன் வாயிலாக ஊராருக்குத் தெரிந்தன? பறையின் வாயிலாகத்தான். மறைவாகக் கேட்டதை ஊரெங்கும் பரப்புவோரை வள்ளுவர் அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிட்டதும் இது பற்றியே. இன்றும் மேடைப் பேச்சாளர் ஒருவர் ‘உலகுக்குப் பறைசாற்றுவோம்’ என்று முழங்கும்போது, தாம் எந்தக் கருவியின் பெயரைச் சொல்லுகிறோம் என்பதை எண்ணுவதில்லை.

ஆகவே பறையன் என்னும் சொல்லின் வேர்ப்பொருள் பறை முழக்குவோன், அதாவது ஊருக்குச் செய்தி சொல்லுவோன் என்பதாம். இதில் தாழ்வு எங்கே இருக்கிறது? இச்சொல் மலைவாணரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லின் திரிபு என்று மேல்நாட்டார் சிலர் ஊகித்ததுண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இவ்வூகத்தை ஏற்காது, பறை என்னும் தமிழ்ச் சொல்லே இதற்கு மூலம் என்றார். சொல்லாராய்ச்சியில் அம்முடிவே நிலைபெற்றது.

ஐந்திணைக்கும் உரிய கருவி

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில், யாழ் என்பவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. தெய்வம் இல்லாத நிலம் இல்லாதவாறே பறை இல்லாத நிலமும் இல்லை என்பது பொருள். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பிற்கால இலக்கண நூலார் வகுத்துக் கூறுவர். மலையிலும் காட்டிலும் வயலிலும் கடற்கரையிலும் உழைப்பவனுக்குத் துணையாய் நின்றது இக்கருவி என்பது இப்பெயர்களாலேயே விளங்கும். நெல்லறுக்கும்போதும் ஒரு பறை. மீன் பிடிக்கும்போதும் ஒரு பறை.

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டொன்று உளது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கு அல்லது வேறு குடி இல்லை என்பது அதன் கருத்து. அப்பாட்டிலே பறையன் என்பது சிறப்பித்துச் சொல்லப்படும் குடிகளுள் ஒன்றின் பெயர். ஆண்டாள் திருப்பாவையிலோ, நோன்பு நோற்கும் பெண்கள் கண்ணனிடம் கேட்கும் பொருளே பறைதான். மார்கழி வைகறையில் கோயில்தோறும் அச்சொல் பக்தியோடு ஓதப்படுகிறது. ஆனால் அக்கருவியை முழக்கியவர் அக்கோயில்களுட் காலடி வைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு அவர்களுக்குத் திறந்தது அவ்வாண்டிலேதான். சொல் உள்ளே, சொல்லுக்குரியவன் வெளியே! இதனினும் பெரிய முரண்பாடு எந்நாட்டில் உண்டு?

பெயர் சேரியாயிற்று

இச்சொல் எப்போது தாழ்ந்தது? ஒரே நாளில் தாழவில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிலே, ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் குடியிருப்புகள் தனித்துக் குறிக்கப்படுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவினை அப்போதே கல்லில் எழுதப்பட்டுவிட்டது. பாட்டிலே குடியின் பெயராக இருந்தது, கல்வெட்டிலே ஒதுக்கிடத்தின் பெயராயிற்று.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. இப்பெயரால் அழைக்கப்பட்ட பெருந்தொகையினர் பறை முழக்கிப் பிழைத்தவரல்லர். அவர்கள் உழவர். உழுதும் நட்டும் அறுத்தும் சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் சோறிட்டவர்கள் அவர்களே. அவருட் சிலரே பறை முழக்கினர். சிலர் தொழிலின் பெயரைப் பலர் தலையிற் கட்டி, அத்தொழிலையும் சாவு வீட்டோடு சேர்த்துத் தீட்டாக்கி, பின்பு அத்தீட்டைப் பிறவியோடு பிணைத்துவிட்டது சாதி. இவ்வாறு கருவியால் மனிதனும், மனிதனால் கருவியும் ஒன்றையொன்று தாழ்த்தும்படி ஒரு வலை பின்னப்பட்டது. பறை இழிந்தது, ஏனெனில் அதை முழக்குவோன் இழிந்தவன். அவன் இழிந்தவன், ஏனெனில் அவன் முழக்குவது பறை! இந்தச் செக்கைச் சுற்றிவந்த வாதத்தை நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரும் நிறுத்திக் கேட்டாரில்லை.

மேல்நாட்டுப் பயணம்

போர்த்துகேயர் வந்தனர். அவருள் துவார்த்தே பார்போசா என்பவர் 1516-ஆம் ஆண்டளவில் எழுதிய குறிப்பிலே இச்சொல் காணப்படுகிறது. 1613-இல் ஆங்கிலத்தில் சாமுவேல் பர்ச்சாஸ் என்பவரது நூலில் அது அச்சேறியது. அவர்கள் பறையின் ஒலியைக் கேட்டு இச்சொல்லைக் கற்றவரல்லர். ஊரார் யாரை ஒதுக்கினர் என்று கேட்டே கற்றனர். ஆதலால் அவர்கள் மொழியில் இச்சொல்லுக்கு ஒதுக்கப்பட்டவன் என்பதே பொருளாயிற்று. பின்னர், உடையவனற்ற தெருநாயும் ஊர்ப்பருந்தும் ஆங்கிலத்தில் இப்பெயரையே பெற்றன. இன்றும் உலக நாடுகள் ஒரு நாட்டை விலக்கி வைத்தால், ஆங்கிலச் செய்தித்தாள்கள் அந்நாட்டுக்கு இடும் பெயர் நம் பறையின் பெயரே.

ஆயினும் மேல்நாட்டுப் புலவர் சிலர் இச்சொல்லை வேறு வகையாலும் கையாண்டனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-இல், பெர்னார்தென் த சேன்-பியேர் என்பவர் ‘இந்தியக் குடிசை’ என்னும் கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி இந்தியா வந்த ஆங்கில அறிஞன் ஒருவன், பூரியிலே பெரிய பிராமண குருவிடம் கேட்டுத் தெளிவு பெறாது, மழைக்கு ஒதுங்கிய ஒரு பறையர் குடிசையிலே தெளிவு பெற்றான் என்பது கதை. 1821-இல் கசிமீர் தெலவீன்யு இப்பெயரால் நாடகம் இயற்றினார். 1829-இல் தோனிசெத்தி என்னும் இத்தாலிய இசைப்புலவர் அதனை இசை நாடகமாக்கினார். பெண்ணுரிமைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் பாடுபட்ட புளோரா திரிஸ்தான் என்னும் அம்மையார் 1838-இல் தம் வரலாற்று நூலின் தலைப்பிலே தம்மையே இச்சொல்லால் அழைத்துக்கொண்டார். 1944-இல் ஹன்னா ஆரெண்ட் என்னும் அறிஞர், ஐரோப்பா யூதரை நடத்திய வகையை விளக்க இச்சொல்லையே எடுத்தாண்டார்.

செருமானியப் பெரும்புலவர் கதே 1824-இல் இப்பெயரால் வெளியிட்ட மூன்று பாடல்கள் தோட்டத்து மக்கள் கருதத்தக்கவை. வெட்டுண்ட பிராமணப் பெண்ணின் தலை தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடலோடு பொருந்தித் தெய்வமான கதையே அவற்றின் நடுவில் உள்ளது. இது யார் கதை? நம் மாரியம்மன் கதையாக ஊர்தோறும் சொல்லப்படும் ரேணுகையின் கதையே அது. ஜொகூர் தோட்டக் கோயிலில் தீச்சட்டி ஏந்தும் மக்களின் தெய்வம் செருமானியப் புலவன் பாட்டில் இடம்பெற்றபோது, அப்பாட்டின் தலைப்பாயிருந்தது பறையின் வழி வந்த பெயர்.

மலாய் நாட்டில்

தமிழ்ச் சொற்கள் பல மலாய் மொழியில் மதிப்போடு வாழ்கின்றன. கடை அங்கே கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. முதல் மோடால் ஆயிற்று. கட்டில் காத்தில் ஆயிற்று. இவை வாணிகரோடு வந்தவை. பறையின் வழி வந்த ‘பாரியா’ என்னும் சொல்லோ வசையாய் வந்தது. (சந்தையில் பாகற்காய்க்கு வழங்கும் ‘பெரியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை, அது அம்மொழிக் குடும்பத்துக்கே உரிய பழஞ்சொல்.)

கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவருள் பெரும்பகுதியினர் ஊரில் நிலமற்ற உழைப்பாளிகள். கடலைக் கடந்தால் சாதியைக் கடக்கலாம் என்பது நடக்கவில்லை. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்து நின்றன. ஒரே மரத்துப் பாலை வடித்தவர்கள் ஒரே கிண்ணத்தில் நீர் அருந்த மறுத்தனர். துரைக்கோ இருவரும் கூலிகளே. பிறர் கண்ணிலும் இருவரும் ஒன்றே. ஆதலின் நாம் நம்மவருட் சிலரைத் தாழ்த்த வைத்திருந்த சொல், இந்நாட்டிலே தமிழர் அனைவர்மீதும் எறியப்படும் கல்லாயிற்று. நாம் செதுக்கி வைத்த கல் அது.

இதன் உச்சத்தை 2011-இல் கண்டோம். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த இந்தர்லோக் என்னும் மலாய் நாவல் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாயிற்று. அதில் இந்தியத் தொழிலாளரைக் குறிக்க இச்சொல் வந்தமையால் பெருங்கிளர்ச்சி எழுந்தது. குழு அமைத்துத் திருத்தங்கள் பேசப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் அந்நூலைப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ள அரசு முடிவு செய்தது.

அன்பர்களே, இச்சொல்லைக் கேட்டு ஒருவர் இருவகையாகச் சினங்கொள்ளலாம். ‘எம்மை அவர்களோடு சேர்த்து எண்ணுவதா? யாம் அவர் அல்லேம்’ என்று சினப்பது ஒருவகை. ‘எந்த மனிதனையும் பிறப்பால் இழிந்தவன் என்று எவன் சொன்னான்?’ என்று சினப்பது மற்றொரு வகை. முதற்சினம் வசையை ஒப்புக்கொள்கிறது. அதனை அடுத்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லுகிறது, அவ்வளவே. இரண்டாவது சினமே வசையின் வேரை அறுக்கும். நம்முள் எத்தனை பேருக்கு இரண்டாவது சினம் வந்தது என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயரை என்செய்வது?

இவ்வினாவுக்குத் தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர்களே இருவேறு விடை கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயராலேயே இதழ் தொடங்கினார். எப்பெயரால் மிதித்தார்களோ அப்பெயரால் நிமிர்ந்து உரிமை கேட்பது அவர் வழி. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் இவரே. அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயர் பகைவர் சூட்டியது என்று மறுத்தார். எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர, 1922-இல் அரசுப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது.

இவ்விரு வழியும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒருவர் பெயரைத் தாங்கி மானத்தைக் கேட்டார். மற்றவர் பெயரை நீக்கி மானத்தைக் கேட்டார். கேட்டது மானமே. எப்பெயரால் தம்மை அழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அம்மக்களுடையது. பிறருக்கு உள்ள கடமை ஒன்றே: அச்சொல்லை வசையாக வாயெடுத்தும் கூறாமை.

கருவியின் மீட்சி

பறையின் அமைப்பு எளியது. வேப்ப மரத் துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி வட்டமாகப் பொருத்தி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவர். ஒரு கையில் குட்டையான அடிகுச்சி. மறு கையில் நீண்டு மெலிந்த சுண்டுகுச்சி. முழக்குமுன் நெருப்பில் காட்டித் தோலை விறைப்பிப்பர். தோட்டங்களில் தப்பு என வழங்குவதும் இதுவே. மாரியம்மன் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் அதன் ஒலியை நாம் கேட்டிருக்கிறோம். இலங்கை மலையகத்திலோ விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பே. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 1954-இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிதை நூல் அவ்வொலியோடுதான் தொடங்குகிறது. அரசனின் ஆணையைச் சொன்ன கருவி துரையின் ஆணையையும் சொல்ல நேர்ந்தது!

தமிழ்நாட்டில் இதனைக் கட்டாயத் தொழிலாக முழக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடிய ஊர்கள் உண்டு. அம்மறுப்பு நேர்மையானது. ஏவியபோது அடிப்பது அடிமைத்தனம். விரும்பியபோது முழக்குவது கலை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்கள் பின்னர் அதனைக் கலையாகவே மீட்டனர். திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து ஆடினர். மதுரையைச் சார்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கருவி நாட்டின் பட்டியலில் ஏறிற்று.

ஆயினும் விருதினால் மட்டும் சொல் தூய்மையாகிவிடாது. மேடையிற் பறையைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, வீட்டில் சாதி கேட்டுச் சம்பந்தம் பேசுவோமாயின், நாம் போற்றியது தோலையும் மரத்தையும்தான்; மனிதனையன்று. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. லயங்கள் பல வெறுமையாயின; மக்கள் நகரங்களிற் குடியேறினர். பழைய லயத்தோடு கிடந்து அழியவேண்டிய பழக்கத்தை நகரத்து அடுக்குமாடிக்குத் தூக்கிவருவானேன்?

பின்னியர் காந்தெலேயைப் பாட்டு என்று நினைக்கின்றனர். நம் கருவியின் பெயருக்குப் பொருள் பேச்சு. ஊமையாய் வைக்கப்பட்ட மக்களின் பெயரிலே பேச்சு இருந்தது என்பதைத் தமிழர் நெடுங்காலம் மறந்திருந்தனர். நம் பிள்ளைகளுக்கு அச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் முதற்பொருளையே முதலில் கற்பிப்போமாக. பறை என்றால் சொல்.